மாதிரி விமானம் வளர்ந்த வரலாறு

மனிதன் வானில் பறந்த வரலாற்றை எழுதுவோர் 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாளிலிருந்தே கதையைத் தொடங்குவது வழக்கம். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் விசையூட்டிய விமானத்தில் ஏறிப் பறந்த நாள் அது. ஆயினும் அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு விமானம் பலர் முன்னிலையில் பறந்து காட்டியது. அதில் ஏறியவர் ஒருவருமிலர், ஏறவும் இயலாது. அதன் நீளம் ஒரு முழத்தைச் சற்றே மிஞ்சும். குழந்தைகளின் விளையாட்டுப் பொருளென்று பெரியோர் ஒதுக்கும் மாதிரி விமானத்தின் பரம்பரை அங்கிருந்து வருகிறது. அப்பரம்பரையை நம் காலனிக் குடும்பங்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரான்சு தேசத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் இருந்தார். தந்தையார் கடற்படைத் தளபதி. மகனும் அவ்வழியே சென்றிருப்பார். இடுப்பு நோய் அதற்குத் தடையாயிற்று. கடல் மறுத்த இளைஞர் வானை நாடினார். முறுக்கிய ரப்பர்ப் பட்டை அவிழும் விசையால் விசிறி சுழல, அதனால் உந்தப்பட்டுப் பறக்கும் சிறு விமானமொன்றை அமைத்தார். 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள், பாரிஸ் நகரின் துய்லெரி பூங்காவில், அறிஞர் பலர் காண அது 11 வினாடிகள் பறந்து சுமார் 40 மீட்டர் தூரம் சென்றது. பெனோவின் அருமை அத்தூரத்தில் இல்லை. வால் இறக்கையைச் சற்றுச் சாய்த்து வைத்தால், மூக்கு தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் விமானம் தானாகவே சமநிலைக்குத் திரும்பும் என்பதைச் செயலில் காட்டினார். அதுவே அவருடைய அருமை. இன்றும் சிறுவர் செய்யும் மாதிரி விமானம் நேராகப் பறப்பது அத்தத்துவத்தாலேயே.

பெனோவின் விமானம் பறந்த மறுநாள், ஆகஸ்டு 19-ஆம் நாள், அமெரிக்காவில் டேட்டன் நகரில் ஒரு குழந்தை பிறந்தது. அதற்கு ஆர்வில் ரைட் என்று பெயரிட்டனர்.

ஏழாண்டுகள் கழிந்தன. ரைட் குடும்பத்தின் தலைவர் மில்டன் ரைட் கிறிஸ்தவத் திருச்சபையில் பணியாற்றியவர். ஊர் ஊராகச் செல்ல வேண்டிய உத்தியோகம். 1878-ஆம் ஆண்டு அவ்வாறு வெளியூர் சென்று திரும்பியபோது, புதல்வர் இருவருக்கும் விளையாட்டுப் பொருளொன்றை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் இவற்றாலான பறக்கும் பொம்மை அது. பெனோ வகுத்த அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. வில்பருக்கு வயது 11; ஆர்விலுக்கு 7. பொம்மை விரைவில் உடைந்தது. சிறுவர்கள் அழுது நிற்கவில்லை. அதைப் பார்த்துத் தாமே வேறு செய்தனர். பிறகு சற்றுப் பெரிதாகச் செய்தனர். பெரிதாக்கப் பெரிதாக்க அது பறக்க மறுத்தது. நீளத்தை இரு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். அக்கணக்கைச் சிறுவர் அன்று அறியார். ஆயினும் ‘ஏன் பறக்கவில்லை?’ என்ற வினா அவர்கள் மனத்தில் விழுந்துவிட்டது.

பெனோவின் முடிவு துயரமானது. நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல பெரிய விமானமொன்றுக்கு 1876-ஆம் ஆண்டு அவர் காப்புரிமை பெற்றார். அதைக் கட்டப் பொருளுதவி செய்வார் கிடைக்கவில்லை. எள்ளி நகையாடியோரே கிடைத்தனர். உடல்நோயும் மனநோவும் வருத்த, 1880-ஆம் ஆண்டு அக்டோபரில், தம் 30-ஆம் வயதில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய தத்துவம் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே கடல் கடந்து சென்று, இரு சிறுவர் கையில் சுழன்று கொண்டிருந்தது! அச்செய்தி அவருக்கு எட்டவில்லை. ஒருவர் இட்ட வித்து எந்த மண்ணில் முளைக்கும் என்பதை யார் அறிவார்? ஓர் ஆர்வத்தைப் பரிகசித்து அணைப்பது எளிது. அணைந்தபின் அதன் விலையை எவரும் கணக்கிட இயலாது.

பெனோவுக்குப் பின் மாதிரி விமானத்தைப் பெரிய அளவில் செய்தவர் அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்லி. 1896-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், பொடோமக் ஆற்றில் மிதந்த படகு வீட்டின்மேலிருந்து, நீராவியால் இயங்கும் ஆளில்லா விமானத்தை அவர் செலுத்தினார். அது சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம் பறந்தது. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் அருகிருந்து அதனைப் படம் பிடித்தார். ஆயின் செலுத்திய பின்னர் அதனைத் திருப்பவோ இறக்கவோ ஒருவராலும் முடியாது. நீராவி தீர்ந்தபோது அது தானே ஆற்றில் இறங்கியது.

இக்குறை நெடுங்காலம் நீடித்தது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க இளைஞரான வில்லியம் பிரௌன், கையளவான பெட்ரோல் எஞ்சினை உருவாக்கினார். மாதிரி விமானங்கள் அதன்பின் உயரப் பறக்கத் தொடங்கின. மகிழ்ச்சியோடு கவலையும் வந்தது. வெப்பக் காற்றோட்டத்தில் சிக்கிய விமானம், எஞ்சின் நின்ற பின்னும், பருந்துபோல் வட்டமிட்டு மேலேறிக் கண்ணுக்கு மறைந்துவிடும். பல வாரம் உழைத்துச் செய்ததைச் சில நிமிடத்தில் பறிகொடுத்து, வயல்வெளியில் தேடி அலைந்த இளைஞர் அந்நாளில் ஏராளம்.

தரையில் நின்றவாறே வானில் செல்வதை ஆளும் வழி என்ன? வானொலி அலையே வழி. நிக்கோலா டெஸ்லா 1898-ஆம் ஆண்டு நியூயார்க்கில் சிறு படகொன்றை வானொலி அலையால் இயக்கிக் காட்டியிருந்தார். அதனைச் சிறு விமானத்துக்குப் பொருத்த மேலும் பல ஆண்டுகள் ஆயின. கலமசூ நகரத்து இரட்டையரான வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற மாணவர் இருவர் 1937-ஆம் ஆண்டு அதில் வெற்றி கண்டனர். விமானத்தை ஒருவர் அமைத்தார். வானொலிக் கருவியை மற்றவர் அமைத்தார். ‘கஃப்’ எனப் பெயரிட்ட அவ்விமானத்தின் இறக்கை எட்டு அடி. அதே ஆண்டில் டெட்ராய்ட் நகரில் நடந்த தேசியப் போட்டியில் வானொலி விமானத்துக்கென முதன்முறையாகத் தனிப் பிரிவு வைத்தனர். பின்னர் நடந்த போட்டிகளில் குட் சகோதரர்கள் பலமுறை வென்றனர். 1960-ஆம் ஆண்டு ‘கஃப்’ ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அக்காலக் கருவி இயங்கிய முறை இருப்புப்பாதைக் குடும்பத்தாருக்கு எளிதில் விளங்கும். முன்பு கேபினில் லீவரை இழுத்தால், கம்பி வழியே அவ்விழுப்புச் சென்று, தொலைவிலுள்ள கைகாட்டி மரத்தின் கை அசையும். இங்கே கம்பிக்குப் பதிலாக வானொலி அலை. விமானத்திலுள்ள வால்வு அலையை ஏற்றதும் ரிலே ஒன்று அசையும். அது கடிகாரத்தின் தடுப்புப் பல்லைப் போன்ற ஒரு தடுப்பை விடுவிக்கும். முறுக்கிய ரப்பர் பட்டை சற்றே அவிழ்ந்து, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும். முதல் சமிக்ஞைக்கு வலம், விட்டால் நடு, அடுத்த சமிக்ஞைக்கு இடம். கடைசியாகத் திரும்பிய பக்கம் எது என்பதைச் செலுத்துவோர் நினைவில் வைத்தே ஆகவேண்டும். பெனோவின் ரப்பர் பட்டை இங்கேயும் பணிபுரிந்ததை வாசகர் கவனிப்பாராக.

டிரான்சிஸ்டர் வந்தபின் கருவிகள் சிறுத்தன. கை அசைவின் அளவுக்கேற்பச் சுக்கான் அசையும் முறையும் வந்தது. இன்று தீப்பெட்டியினும் சிறிய கருவி அவ்வேலையைப் பிழையின்றிச் செய்கிறது. முழுதும் செய்து முடித்த விமானங்களே கடையில் கிடைக்கின்றன. இருந்தும், பெரும்பாலும் 1950-க்கு முற்பட்ட பழைய வரைபடங்களைத் தேடியெடுத்து, அவ்விமானங்களைக் குச்சி குச்சியாகக் கட்டி, இன்றைய வானொலிக் கருவியும் மின்மோட்டாரும் பொருத்திப் பறக்கவிடுவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் விரும்பிக் கட்டுவனவற்றுள் ‘ஜூனியர் 60’ ஒன்று. இங்கிலாந்தின் கீல்கிராஃப்ட் நிறுவனத்துக்காக ஆல்பர்ட் ஹேட்ஃபுல் 1940-களில் வரைந்தது. இறக்கை 60 அங்குலம், அதனால் அப்பெயர். கண்ணுக்கு மறைந்தோடிய பழைய விமானம் இன்று புறப்பட்ட காலடிக்கே திரும்பி வந்து இறங்குகிறது.

கட்டும் முறையைச் சுருங்கச் சொல்வோம். வரைபடம் விமானத்தின் முழு அளவிலேயே இருக்கும். அதனை மட்டமான பலகைமேல் விரித்து, பசை ஒட்டாதிருக்க மெழுகுத் தாளால் மூடுவர். தென்னமெரிக்காவில் விளையும் பால்ஸா மரம் மிக இலேசானது. அதன் சதுரக் குச்சிகளைக் கோட்டின்மேல் வைத்துக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டுவர். உடலின் ஒரு பக்கத்தின் மேலேயே மறுபக்கத்தையும் கட்டுவர். அப்போதுதான் இரண்டும் மயிரிழையும் மாறாதிருக்கும். இறக்கையின் விலாக்களை ஒரே அச்சில் வெட்டுவர். எலும்புக்கூடு முடிந்ததும் மெல்லிய காகிதம் போர்த்தி நீர் தெளித்தால், காய்ந்து மத்தளத் தோல்போல் இறுகும். அதன்மேல் ‘டோப்’ என்னும் பூச்சு. அது உலரும்வரை இறக்கையைப் பலகையோடு அழுத்தி வைக்காவிடில் முறுக்கிக்கொள்ளும். இறுதியில், வரைபடம் குறித்த புள்ளியில் இரு விரலால் தாங்கி எடை சமநிலை பார்த்து, உயர்ந்த புல்வெளியில் மெல்ல வீசிச் சோதித்த பிறகே மோட்டாரை இயக்குவர்.

இவ்வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. பசை காயும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அரை அங்குலம் கோணினால் வானம் அதனை மன்னிப்பதில்லை. பக்கத்து வீட்டாரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இதில் இடமில்லை. பறந்ததா இல்லையா என்பது ஒன்றே தேர்வு. மாற்றல் உத்தரவு வந்தால் பள்ளியும் மொழியும் தோழரும் மாறிப்போகும் நம் பிள்ளைகளுக்கு, எவ்வூரிலும் கூட வரத்தக்க கைத்தொழில் ஒன்று இருப்பது பெரும் துணை. வரைபடத்தைச் சுருட்டினால் அது ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ரயில் பாதையின்மேல் செல்லும் மின்கம்பியில் 25,000 வோல்ட் பாய்கிறது. அதன் அருகே பட்டமும் கூடாது, விமானமும் கூடாது. 2021-ஆம் ஆண்டின் ஆளில்லா விமான விதிகளையும், எவ்விடம் பறக்கத் தகுந்த பகுதி என்பதையும் பெரியோர் அறிந்துகொண்ட பின்னரே பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் செல்வது முறை.

நம் சங்கத்தின் நூலக அறையில் ஒரு மேஜையும், ஒரு பலகையும், ஒரு வரைபடமும் வைப்பது பெருஞ்செலவன்று. வாரத்தில் ஒரு மாலை, வரையவும் இழைக்கவும் தெரிந்த அன்பர் இருவர் உடனிருந்தால் போதும். அங்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் ரைட் சகோதரர் ஆவர் என்று நாம் கூறவில்லை. ஒரு பிள்ளை கையிலுள்ள பொம்மையைக் கண்டு ‘ஏன் பறக்கவில்லை?’ என்று கேட்டால், ‘படிப்பைப் பார்’ என்று விரட்டாமல், அருகில் அமர்ந்து, ‘வா, பார்ப்போம்’ என்று சொல்லும் பெரியவர் ஒருவர் நம் காலனியில் இருப்பாராக. பெனோவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.