கடல் மாறிய இரு வெடிமூடிகள்

சுட்டு முடிந்த துப்பாக்கி ரவையில் மிஞ்சுவது பித்தளைக் கோது. ரவையின் பாகங்களில் விலை கூடியதும் அதுவே. 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமைகளைக் கொன்று குவித்த வேட்டைக்காரர்கள் அக்கோதுகளை எறிந்துவிடவில்லை. ஈயத்தையும் வெடிமருந்தையும் வண்டியில் ஏற்றிச் சென்று முகாமிலேயே மீண்டும் நிரப்பிக்கொண்டனர். கடைகளோ வெகுதொலைவில், வேறென்ன செய்வது? அந்த வேட்டையால் காட்டெருமை இனமே அழிவின் விளிம்புக்குப் போனது வேறு கதை.

இப்பழக்கம் ஒரு விசித்திரத்துக்கும் வழிகோலியது. கோதின் அடியில் பொருத்தும் வெடிமூடியை 1866இல் இருவர் தனித்தனியே வடிவமைத்தனர். ஒருவர் அமெரிக்கரான ஹைரம் பேர்டன்; உள்நாட்டுப் போரில் குறிசுடுநர் படையணியை நடத்தியவர். அவரது முறையில், மூடி மோதி வெடிக்கும் முனை கோதோடு ஒட்டியே இருக்கும். அதன் இருபுறமும் நுண்துளைகள். வூல்விச் ஆயுதசாலையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் பொக்சரோ அம்முனையை மூடிக்குள்ளேயே வைத்தார்; கோதின் நடுவே ஒரே துளை. எரிந்த மூடியை அத்துளையூடாக ஓர் ஊசியால் தள்ளிவிடலாம். பேர்டனின் மூடியை நெம்பித்தான் எடுக்க வேண்டும்.

எனவே, கோதை மீண்டும் நிரப்பும் அமெரிக்கக் குடிமக்கள் ஆங்கிலேயரின் மூடியை வரித்துக்கொண்டனர். அமெரிக்கரின் மூடி, சுட்ட கோதைப் பொறுக்கும் தேவையற்ற ஐரோப்பியப் படைகளிடம் தங்கிவிட்டது. பொக்சரின் சொந்த நாடான பிரித்தானியாவிலேயே, அவருக்குப் பின் வந்த .303 படை ரவைகள் பெரும்பாலும் பேர்டன் முறையில்தான் செய்யப்பட்டன.