1954 இந்திய – சீன ஒப்பந்தத்திற்கு எழுந்த எதிர்ப்பு: ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

திபெத் தொடர்பாக இந்தியாவும் சீனாவும் 1954 ஏப்ரல் 29 அன்று செய்துகொண்ட ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் சிலர் எதிர்த்தனர். 1962 போருக்குப் பின்னர் அவ்வெதிர்ப்பு, வரவிருந்த போரை முன்னுணர்ந்த குரலாகவே வாசிக்கப்பட்டு வருகிறது. இவ்வாசிப்பு எதிர்ப்பாளர்கள் எழுப்பிய வினாக்களைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். போர் நிகழாமற் போயிருந்தாலும் அவ்வினாக்கள் வலுவுடையவையே.

திறவுச்சொற்கள்: பஞ்சசீலம், திபெத், நேரு, கிருபளானி, அம்பேத்கர், மக்மகோன் கோடு.

முன்னுரை

பகைமை பாராட்டக்கூடிய வல்லாட்சி ஒன்றுடன் ஓர் அரசு இணக்கம் நாடும்போது, அதை எதிர்ப்போர் இருவகை விமர்சனத்திற்கு ஆளாவர். இணக்கம் நிலைத்தால் போர்விரும்பிகள் என்று பழிக்கப்படுவர். முறிந்தால் தீர்க்கதரிசிகள் என்று போற்றப்படுவர். இவ்விரண்டிலும் அவர்கள் உண்மையில் கூறியது என்ன என்பது கவனிக்கப்படுவதில்லை. 1954 ஒப்பந்தத்தின் எதிர்ப்பாளர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. அவர்களுடைய வாதங்களை அவை பேசப்பட்ட காலச் சூழலில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பந்தத்தின் பின்னணி

1950 அக்டோபரில் சீனப் படை திபெத்திற்குள் நுழைந்தது. 1951 மே 23 அன்று கையெழுத்தான பதினேழு அம்ச உடன்படிக்கையின் வழித் திபெத் சீன ஆளுகையின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. பிரித்தானிய ஆட்சியிடமிருந்து மரபுரிமையாகப் பெற்ற சில சலுகைகள் அப்போது இந்தியாவுக்குத் திபெத்தில் இருந்தன. யாதுங், கியாந்த்சே ஆகிய இடங்களில் காவற்படையினர் இருந்தனர். அஞ்சல், தந்தி, தொலைபேசிச் சேவைகளும் பன்னிரண்டு தங்கும் விடுதிகளும் இந்தியாவின் பொறுப்பில் இருந்தன.

1953 டிசம்பர் 31 அன்று பீக்கிங்கில் தொடங்கிய பேச்சுவார்த்தை நான்கு மாதங்கள் நீடித்தது. அதன் முடிவில், காவற்படையை ஆறு மாதத்திற்குள் திரும்பப் பெறவும் ஏனைய அமைப்புகளைச் சீனாவிடம் ஒப்படைக்கவும் இந்தியா இசைந்தது. வணிகர்களும் கயிலை யாத்திரிகர்களும் சென்றுவர ஆறு கணவாய்கள் குறிக்கப்பட்டன. ஒப்பந்தத்தின் முகவுரையில் பஞ்சசீலக் கொள்கைகள் இடம்பெற்றன. ‘சீனாவின் திபெத் பகுதி’ என்ற தொடரை இந்தியா ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தின் காலம் எட்டு ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டது. எல்லை குறித்து அதில் ஒரு விதியும் இல்லை.

எதிர்ப்பின் மூன்று தளங்கள்

எதிர்ப்பாளர்கள் ஒரே அணியினர் அல்லர். அவர்கள் கூறிய காரணங்களும் ஒன்றல்ல. முதலாவது தளம் பாதுகாப்பு பற்றியது. இதன் தொடக்கம் ஒப்பந்தத்திற்கு முந்தியது. அதுவும் ஆட்சிக்குள்ளேயே எழுந்தது. 1950 நவம்பர் 7 அன்று நேருவுக்கு எழுதிய கடிதத்தில் வல்லபாய் படேல், இந்தியா சீனாவை நட்பு நாடாகக் கருதினாலும் சீனா இந்தியாவை அவ்வாறு கருதவில்லை என்று சுட்டிக்காட்டினார். வடக்கு, வடகிழக்கு எல்லைகளின் பாதுகாப்பையும் போக்குவரத்தையும் உடனே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது அவர் வலியுறுத்தல்.

இரண்டாவது தளம் அறம் சார்ந்தது. பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் ஜே. பி. கிருபளானி 1954 மே மாதம் மக்களவையில் நடந்த வெளியுறவு விவாதத்தில், இரு பெரிய நாடுகளுக்கு இடையே நின்ற ஒரு சிறிய நாட்டை அழிப்பது ஆக்கிரமிப்பே என்று வாதிட்டார். பின்னாளில் அவர் பஞ்சசீலத்தைப் பாவத்தில் பிறந்த கொள்கை என்றே சாடினார். ஒரு தொன்மையான மக்களினத்தின் அழிவுக்கு இசைவு அளிக்கும் ஆவணத்தில் அது அறிவிக்கப்பட்டது என்பதே அவர் கூறிய காரணம்.

மூன்றாவது தளம் எதிர்த்தரப்பு ஆட்சியின் தன்மை பற்றியது. 1954 ஆகஸ்ட் 26 அன்று மாநிலங்களவையில் பேசிய பி. ஆர். அம்பேத்கர், பஞ்சசீலம் பௌத்த நெறியின் ஒரு பகுதி என்பதை நினைவூட்டினார். மாவோவுக்கு அதில் நம்பிக்கை இருந்திருந்தால், தம் நாட்டுப் பௌத்தர்களை வேறுவிதமாக நடத்தியிருப்பார் என்றார். லாசாவைச் சீனா கைக்கொள்ள இடமளித்ததன் மூலம், சீன எல்லை இந்திய எல்லையைத் தொடுவதற்குப் பிரதமரே துணைபுரிந்துவிட்டார் என்றும் குற்றஞ்சாட்டினார். தன் குடிமக்களிடம் கடைப்பிடிக்காத நெறியை ஓர் ஆட்சி அண்டை நாட்டிடம் கடைப்பிடிக்கும் என்று நம்புவதற்கு என்ன ஆதாரம் என்பதே இவ்வாதத்தின் சாரம்.

அரசின் நிலைப்பாடு

நேருவின் தரப்பை எளிதில் புறந்தள்ள இயலாது. திபெத்திலிருந்து சீனப் படையை வெளியேற்றும் ஆற்றல் இந்தியாவுக்கு இல்லை. கைவிடப்பட்ட சலுகைகள் 1904 பிரித்தானியப் படையெடுப்பின் எச்சங்கள். குடியேற்ற ஆதிக்கத்தை எதிர்த்து விடுதலை பெற்ற நாடு அவற்றைப் பற்றிக்கொண்டிருப்பது முரண்பாடாகும். மேற்கில் பாகிஸ்தானுடன் பூசல் நீடிக்கையில் வடக்கிலும் பகையைத் தேடிக்கொள்வது அறிவுடைமை அன்று. இக்காரணங்களாலேயே விடுதலைக்குப் பின் இந்தியா செய்தவற்றுள் இதனினும் சிறந்தது இல்லை என்று நேரு மக்களவையில் கூறினார்.

எதிர்ப்பாளர்களிடம் இதற்கு முழுமையான விடை இல்லை. சலுகைகளைக் கைவிடாமல் எவ்வாறு காப்பது என்பதற்கு அவர்கள் நடைமுறை வழி எதையும் முன்வைக்கவில்லை. இது அவர்களது வாதத்தின் குறை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விடப்பட்ட வினா

ஆயினும் கொடுத்ததற்கு ஈடாகப் பெற்றது என்ன என்னும் வினா எஞ்சி நிற்கிறது. எல்லை பற்றிய பேச்சை எழுப்பாதிருப்பதே நல்லது என்று இந்தியத் தரப்பு கருதியது. மக்மகோன் கோடே எல்லை என்று 1950 நவம்பரிலேயே நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்திருந்தார். சீனா அதை மறுக்காதது உடன்பாடாகக் கொள்ளப்பட்டது. 1954 ஜூலையில் எழுதிய குறிப்பிலும், வடக்கு எல்லை உறுதியானது, பேச்சுக்கு உரியதன்று என்று நேரு பணித்தார். அதே ஜூலை 17 அன்று, பாராஹோத்தியில் இந்தியப் படையினர் இருப்பதைச் சீனா எழுத்துமூலம் ஆட்சேபித்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதங்கள்கூட நிறைவுறவில்லை.

1959 ஜனவரி 23 அன்று எழுதிய கடிதத்தில் சௌ என்லாய், எல்லை ஒருபோதும் முறையாக வரையறுக்கப்படவில்லை என்றும், அதற்கான சூழல் கனியாததால் 1954இல் அது எழுப்பப்படவில்லை என்றும் விளக்கினார். ஒரு தரப்பு மௌனத்தை இசைவாகக் கொண்டது; மறுதரப்பு அதைக் காத்திருப்பாகக் கொண்டது. மேலும், மக்மகோன் கோடு 1914இல் திபெத்தியப் பிரதிநிதியுடன் செய்துகொண்ட உடன்பாட்டால் அமைந்தது. திபெத்தைச் சீனாவின் ஒரு பகுதியாக எழுத்தில் ஏற்றபோது, அந்த உடன்பாட்டின் சட்ட அடித்தளத்தையும் இந்தியா தானே நெகிழ்த்திக்கொண்டது.

1959 மார்ச்சில் லாசாவில் கிளர்ச்சி வெடித்தது. அம்மாத இறுதியில் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். 1962 ஜூனில் ஒப்பந்தம் காலாவதியானது. அதே ஆண்டு அக்டோபரில் போர் மூண்டது.

முடிவுரை

எதிர்ப்பாளர்களின் சிறப்பு போரை முன்கூட்டிச் சொன்னதில் இல்லை. சீனாவுடன் உறவே கூடாது என்பதும் அவர்களது வாதத்தின் மையம் அன்று. இணக்கத்தின் விலையை யார் செலுத்துகிறார்கள், அவர்களுடைய இசைவு பெறப்பட்டதா, ஈடாகப் பெற்றது எழுத்தில் உள்ளதா என்னும் மூன்று வினாக்களுக்கு அவர்களுடைய வாதங்கள் இட்டுச்செல்கின்றன. திபெத்தியர்களின் எதிர்காலம் பற்றிய ஆவணத்தில் திபெத்தியர் எவரும் கையெழுத்திடவில்லை. இந்தியா கொடுத்தவை யாவும் பட்டியலிடப்பட்டன. தன் பாதுகாப்புக்கு முதன்மையாக எதிர்பார்த்தது மட்டும் எழுதப்படவில்லை. 1952 தேர்தலில் 489 இடங்களுள் 364 இடங்களை வென்றிருந்த ஆளுங்கட்சிக்கு எதிரே அவ்வினாக்கள் எளிதில் கடந்து செல்லப்பட்டன. எதிர்ப்பு சிறுபான்மையாக இருந்தது என்பதால் அது எழுப்பிய வினா சிறியதாகிவிடாது. ஒப்பந்தங்களின் வரலாற்றை ஆராய்வோர், முடிவுகளைக் கொண்டு பின்னோக்கி மதிப்பிடுவதோடு நில்லாமல், கையெழுத்தான நாளிலேயே எழுந்து விடை பெறாமல் நின்ற வினாக்களையும் சான்றாகக் கொள்ள வேண்டும்.