ட்ரைப் துரையும் என் பதினோராயிரம் படங்களும்

பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன், குறிப்பாக 1993-ல் எட்டாம் வகுப்பு படித்தவர்களிடம்.

மூன்று வாரமாக வீட்டில் எனக்கு ஒரே வேலை. ஓய்வு பெற்ற பிறகு போன ஊர்களில் எடுத்த படங்களைப் பிரித்து அடுக்குவது. மகள் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கிக் கொடுத்து, "அம்மா, வேண்டாததை அழிச்சிட்டு வேண்டியதை மட்டும் இதுல போடு" என்றாள். எண்ணிப் பார்த்தால் பதினோராயிரத்துச் சொச்சம். ஒரே கோபுரம் நாற்பது தடவை. தூண்கள் வரிசையாக இருக்கின்றன, எந்தக் கோயில் தூண் என்று தெரியவில்லை. வரைபடத்தில் இடத்தைக் குறித்துவிட்டுப் பெயர் எழுதாமல் விட்டால் உங்களுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. இப்போது என் விடைத்தாளே அப்படித்தான் கிடக்கிறது.

அப்படித் தடுமாறும்போது, தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் பழைய படம் ஏதாவது கிடைத்தால் என் படத்தோடு ஒப்பிடலாமே என்று தேடினேன். அதில் கண்ணில் பட்டவர்தான் லின்னேயஸ் ட்ரைப். இத்தனை வருஷம் சமூக அறிவியல் நடத்தியவள், இவரைப் பற்றி ஒரு நாளும் உங்களுக்குச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

1822-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1839-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுப்பில் ஊருக்குப் போனபோது போட்டோ பிடிக்கக் கற்றுக்கொண்டார். தொழிலாக அல்ல, நம்மைப் போல ஆசைக்காகத்தான். திரும்பி வந்து 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். அடுத்த வருஷம் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவற்றை வைத்துப் பதக்கம் வாங்கினார். அதே 1855-ல் பர்மா அரசரைப் பார்க்கப் போன தூதுக்குழுவோடு இவரையும் அனுப்பினார்கள். இருநூறுக்கும் மேல் படம் எடுத்தவர், வெளியிட்டது 120 மட்டுமே. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என் பதினோராயிரத்தைப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே சிப்பாய்ப் புரட்சி இன்னும் அடங்காத நேரம். இவர் ராயக்கோட்டை, சேலம் பக்கம், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சில மாதங்கள் சுற்றினார்.

அவருடைய நெகட்டிவ் நாம் அறிந்த ஃபிலிம் சுருள் அல்ல, காகிதம். அகலம் ஏறக்குறைய ஒன்றே கால் அடி. காகிதத்தில் மெழுகை உருக்கி ஊறவைத்து, பிறகு வெள்ளி உப்பு ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகடும் உண்டு, ஆனால் அதை ஈரம் காய்வதற்குள் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது நடக்கிற காரியமா? மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டு, எடுத்த பிறகு ஆற அமரக் கழுவலாம். ஒரே சங்கடம், ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் வேண்டும். நடந்து போகிறவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். அதனால்தான் அவர் எடுத்த மதுரையும் தஞ்சாவூரும் ஆளே இல்லாத ஊர்கள் மாதிரி இருக்கின்றன. எனக்கு முதலில் அது உறுத்தியது. ஊரைக் காலி செய்துவிட்டு எடுத்தாரோ என்று தோன்றியது. கம்பெனிக்குத் தேவைப்பட்டதும் கட்டடங்களின் பதிவுதான், சனங்கள் அல்ல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் படங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஒரு வேடிக்கை. அந்தக் காகித நெகட்டிவில் வானம் திட்டுத் திட்டாக வரும். மனிதர் தூரிகையும் மையும் எடுத்து நெகட்டிவின் மேலேயே மேகம் வரைந்துவிட்டார்! பேரன் போனில் வானத்தை நீலமாக்கும்போது, "இது ஏமாற்று வேலைடா" என்று திட்டியிருக்கிறேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மதுரையில் அவர் எடுத்தவற்றில் புதுமண்டபம் இருக்கிறது. வைகையைக் கடக்கும் தரைப்பாலம், மீனாட்சி அம்மன் கோயில் நகைகள், ஒரு முனையிலிருந்து பார்த்த யானைமலை எல்லாம் இருக்கின்றன. திருமலை நாயக்கர் மகால் சிதைந்து நிற்கிறது. 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் அதற்குப் பழுதுபார்ப்பு நடந்தது. நாம் இன்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது பழுது பார்த்த மகாலை. விளக்குத்தூணையும் எடுத்திருக்கிறார். கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது அது. போன வருஷம் அதே விளக்குத்தூணை எடுக்கக் காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். ஆட்டோ, தள்ளுவண்டி, பால்காரர், நடுவில் தூண். அவர் படத்தில் மனிதர் இல்லை, என் படத்தில் தூணைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தை அழிக்க மனசு வரவில்லை, வைத்துக்கொண்டேன்.

தஞ்சாவூருக்கு வருகிறேன். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ட்ரைப் அதைத் துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்கள். ஒட்டிச் சேர்த்தால் கிட்டத்தட்ட 19 அடி நீளச் சுருள். ஒவ்வொரு தடவையும் கேமராவை நகர்த்தி, அதே தூரத்தில் நிறுத்தி, எழுத்தின் அளவு மாறாமல் எடுக்க வேண்டும். கோயிலைக் கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1886-ல் கல்வெட்டு அறிஞராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ் இவற்றைப் படித்து வெளியிட்ட பிறகுதான் ராஜராஜன் கட்டியது என்று உலகத்துக்கு உறுதியானது. தான் கொடுத்ததும், தன் அக்கா கொடுத்ததும், தேவிமார் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லிலே வெட்டட்டும் என்று ராஜா உத்தரவிட்டது அங்கே இருக்கிறது. எழுத்தின் பொருள் வெளிவருவதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முன்பே ஒருவர் எடுத்து வைத்திருக்கிறார்.

இதைப் பார்த்த பிறகு என் கல்வெட்டுப் படங்களைத் திறந்தேன். நடுமத்தியானம் நேர்வெயிலில் எடுத்தவை, ஓர் எழுத்தும் புரியவில்லை. வெயில் சாய்வாக விழுந்தால்தான் வெட்டிய பள்ளத்தில் நிழல் தங்கும், எழுத்து எழும்பி நிற்கும். இந்தச் சின்ன விஷயம் புரிய எனக்கு அறுபத்தாறு வயதாகிவிட்டது. இரண்டாம் தடவை போய்ச் சாயங்காலம் காத்திருந்து எடுத்தேன். எட்டுப் படம். எட்டும் தேறின. ஒவ்வொன்றிலும் ஊர், தேதி, எந்தப் பக்கச் சுவர் என்று எழுதியும் வைத்துவிட்டேன்.

ட்ரைப்புக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1859-ல் சென்னைக்கு வந்த கவர்னர் ட்ரெவெல்யன், கஜானா இருக்கிற நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் படம் எடுத்தது மிகக் குறைவு. படையில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பி 1902-ல் இறந்தார். 2015-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் அவர் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள்.

இனி நான் கேட்க வந்தது.

1993 ஜனவரியில் உங்களைக் கல்லணை, தஞ்சாவூர் சுற்றுலா அழைத்துப் போனேன். சக ஆசிரியர் ஒருவரிடம் யாஷிகா கேமரா இரவல் வாங்கியிருந்தேன், 36 படச் சுருள். நந்தி மண்டபத்தின் முன்னால் உங்களை வரிசையாக நிறுத்தி, "சிரிங்க, சிரிங்க" என்று நான் கத்தியது நினைவிருக்கும். அந்தப் படங்களை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. கேட்டபோதெல்லாம் ஸ்டுடியோவில் கெட்டுப்போய்விட்டது என்றேன். அது பொய். ஃபிலிம் முனையை நான் சரியாக மாட்டவில்லை. மேலே எண் நகர்ந்தது, உள்ளே சுருள் நகரவில்லை. டீச்சருக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஸ்டுடியோக்காரர் மேல் பழியைப் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, உங்கள் வகுப்பில் இரட்டைப் பின்னல் போட்டு முதல் பெஞ்சில் உட்காரும் பெண் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். பெயர் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லையாம். "டீச்சர், தஞ்சாவூர்ல எடுத்தீங்களாமே" என்றார். நான், "தேடித் தரேன்மா" என்றேன். இரண்டு தடவை வந்தார். மூன்றாவது தடவை வரவில்லை.

போன வாரம் பழைய டிரங்குப் பெட்டியில் அந்த வெறும் சுருள் கிடைத்தது. அன்று முழுக்க வேறு எந்தப் படத்தையும் பிரிக்க முடியவில்லை.

எனக்கு இன்னொன்றும் நினைவு வருகிறது. அன்று கோயில் வாசலில் ஒரு போட்டோக்காரர் உங்களில் சிலரைக் கூட்டமாக நிற்கவைத்து எடுத்தார். விலாசம் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்புவதாகச் சொன்னார். நாலைந்து பேர் பணம் கட்டினீர்கள். யாருக்காவது அந்தப் படம் வந்ததா? வந்திருந்தால், மங்கியிருந்தாலும் பரவாயில்லை, பரணில், அம்மா வீட்டுப் பெட்டியில் கொஞ்சம் பாருங்கள். கிடைத்தால் இங்கே போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். அந்த அம்மா இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். படம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த மாதம் நான் போய் அவரைப் பார்க்கப் போகிறேன்.