குப்பைக்கூடையும் வாக்ஸ் மெஷினும்

கல்யாணத்துக்கு சமைக்க வர்றவர் முதல்ல ரெண்டு கேள்வி கேப்பார். எத்தனை பேர், என்ன மெனு? அதுக்கப்புறம்தான் அண்டா, குண்டான் கணக்கெல்லாம். கம்ப்யூட்டரை வடிவமைக்கிறவங்களும் அதுல ஓடப்போற புரோகிராம்கள் நிஜமா என்ன செய்யுதுன்னு பார்த்துட்டுத்தான் ஆரம்பிச்சிருப்பாங்கன்னு நினைப்போம் இல்லையா? ரொம்ப காலம் பெரும்பாலும் ஊகம்தாங்க :-)

1971ல் டொனால்ட் நூத் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டு கம்ப்யூட்டர் மையத்துல மத்தவங்க எழுதின ஃபோர்ட்ரான் புரோகிராம்களைப் பொறுக்கி எடுத்து (குப்பைக்கூடையையும் விட்டுவைக்கலை மனுஷன்!) எந்த வரி எத்தனை தடவை ஓடுதுன்னு எண்ணினார். ஒரு புரோகிராம்ல 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் பொதுவா பாதிக்கு மேல நேரத்தை முழுங்குதுன்னு தெரிஞ்சுது.

இப்ப நம்ம கதாநாயகன். 1977ல் டெக் நிறுவனம் கொண்டுவந்த வாக்ஸ்-11/780. சுமார் 300 கட்டளைகள். அதுல ஒண்ணு, பள்ளிக்கூட அல்ஜீப்ராவுல வர்ற பல்லுறுப்புக்கோவையோட மதிப்பை ஒரே கட்டளையில கணக்கு போட்டுத் தரும்! அவங்களை முட்டாள்னு சொல்லிடாதீங்க. அப்போ மெமரி விலை அதிகம். ஒரே கட்டளை நிறைய வேலை செஞ்சா புரோகிராம் சின்னதாகும், எழுதுறவருக்கும் சுலபம். நியாயமான யோசனைதான். ஆனா எண்ணிப் பார்த்தாங்களா?

1980ல் டேவிட் பேட்டர்சனும் டேவிட் டிட்ஸலும் எழுதின கட்டுரையில ஒரு தகவல் வருது. வாக்ஸ்ல இண்டெக்ஸ்னு ஒரு கட்டளை. அர்ரேயோட எல்லையைச் சரிபார்த்து, முகவரியையும் கணக்கு பண்ணித் தரும். அதைத் தூக்கிட்டு அதே வேலையை நாலஞ்சு சாதாரண கட்டளைகளை வச்சு செஞ்சா, அதே மெஷின்லயே 45 சதவீதம் வேகமா முடியுதாம்! அதுக்குன்னே செஞ்ச ஸ்பெஷல் சாமான், சாதா கரண்டிகிட்ட தோத்துப்போச்சு.

எனக்கு இதைவிடப் பிடிச்சது டெக்குக்குள்ளேயே நடந்த அளவீடு. வாக்ஸோட ஒவ்வொரு கட்டளையும் உள்ளே மைக்ரோகோட்ங்கிற குட்டி அடிகளா பிரியும். ஜோயல் எமர், டக்ளஸ் கிளார்க் ரெண்டு பேரும் ஒவ்வொரு அடியும் எத்தனை தடவை ஓடுதுன்னு எண்ணுற ஒரு தனிக் கருவியை மெஷினோட இணைச்சாங்க. மெஷின் பாட்டுக்கு வேலை செய்யும், வேகம் குறையாது, எண்ணிக்கை மட்டும் ஏறிட்டே இருக்கும். பலர் ஒரே நேரத்துல உபயோகிச்ச நிஜ மெஷின்கள்லயும் அளந்தாங்க. 1984ல் வெளிவந்த முடிவு: ஒரு கட்டளைக்கு சராசரியா 10.6 சுற்றுகள்.

இதுல என்ன பெரிசா? கணக்கு போடுங்க. நொடிக்கு 50 லட்சம் சுற்று. 10.6ஆல வகுத்தா அஞ்சு லட்சத்தைக்கூடத் தொடலை. ஆனா உலகமே அதை நொடிக்கு பத்து லட்சம் கட்டளை ஓட்டுற மெஷின்னு சொல்லிட்டு இருந்துச்சு! ஐபிஎம்மோட 370/158க்கு ஈடா ஓடுது, அது பத்து லட்சம்னா இதுவும் பத்து லட்சம்னு வந்த பேச்சு அது. சொந்த மெஷினோட பெருமையைப் பாதியாக்குற எண்ணை சொந்தக் கம்பெனிக்காரங்களே வெளியிட்டாங்க பாருங்க, அதுக்கே ஒரு சல்யூட்.

மைக்ரோவாக்ஸ் சிப் செய்யும்போது இன்னொண்ணும் தெரிஞ்சுது. 20 சதவீத கட்டளைகள் மைக்ரோகோட்ல 60 சதவீத இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, பயன்பட்டதோ வெறும் 0.2 சதவீதம். அதுங்களை சிப்ல இருந்து இறக்கி சாஃப்ட்வேர் தலையில கட்டினாங்க. இதே சமயத்துல பெர்க்லியில பேட்டர்சன், ஸ்டான்ஃபோர்டுல ஹென்னஸி, அவங்களுக்கும் முன்னாடி ஐபிஎம்ல ஜான் காக் எல்லாரும் எளிய கட்டளை மட்டும் போதும்னு பிராசஸர் செஞ்ச கதை உங்களுக்கே தெரியும்.

அளக்கிறதுலயும் வில்லங்கம் உண்டு. எந்தப் புரோகிராமை அளக்கிறீங்க? 1989ல் வந்த ஸ்பெக் சோதனைத் தொகுப்புல மேட்ரிக்ஸ்300னு ஒண்ணு. அதோட நேரத்துல 99 சதவீதம் ஒரே ஒரு வரியில போகும். கம்பைலர்காரங்க சும்மா இருப்பாங்களா? அந்த வரியைக் குறிவச்சு ஐபிஎம் மெஷின்ல ஒன்பது மடங்கு வேகம் காட்டினாங்க. 1992 தொகுப்புல அதைத் தூக்கிட்டாங்க. கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிஞ்சா முதல் மார்க் என்ன பெரிய விஷயம்?

2015ல் கூகுள் ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 20,000க்கும் மேல மெஷின்கள், மூணு வருஷ அளவீடு. நூத் பார்த்த மாதிரி சூடான இடம் ஏதாவது சிக்குமான்னா, இல்லை. அதிகமா ஓடுற ஒரு புரோகிராமே மொத்தத்துல சுமார் 10 சதவீதம்தான். ஆனா எல்லாப் புரோகிராம்லயும் பொதுவா வர்ற எடுபிடி வேலைகள், அதாவது தகவலைப் பொட்டலம் கட்டுறது, சுருக்குறது, நகல் எடுக்குறது, மெமரி ஒதுக்குறது எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 30 சதவீதம் தின்னுது.

2021ல் பெர்க்லியும் கூகுளும் சேர்ந்து அந்தப் பொட்டலம் கட்டுற வேலைக்குன்னே ஒரு தனி ஹார்டுவேர் வடிவமைச்சாங்க. எளிய கட்டளை போதும்னு கொடி பிடிச்ச அதே பெர்க்லிதாங்க! ஒரே ஒரு வேலைக்குன்னு தனியா இரும்பு அடிக்கிறது பழைய வாக்ஸ் பாணிதான். இந்தத் தடவை எண்ணிப் பார்த்துட்டு அடிச்சிருக்காங்க.