அதே வேலை, வேறு வரிசை

கிரீன் கார்டுக்கு முதல் படி லேபர் சர்டிபிகேஷன். தகுதியான அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். 2005க்கு முன் இதற்கு இரண்டு வரிசைகள். சாதா வரிசையில் மாநில அலுவலகம் மேற்பார்க்க விளம்பரம் கொடுப்பார்கள். ஆர்.ஐ.ஆரில் கம்பெனி முன்கூட்டியே ஆள் தேடி முடித்திருக்கும், கொஞ்சம் வேகம். 2001 ஏப்ரல் 30 கெடுவுக்கு வந்து குவிந்த மனுக்களில் இரண்டுமே திணறின. தேங்கிய கோப்புகளை பிலடெல்பியாவுக்கும் டல்லாஸுக்கும் அனுப்பினார்கள்.

2005 மார்ச் 28 அன்று மூன்றாவது வரிசை வந்தது: பெர்ம். ஆன்லைன் மனு. என் சீனியர் ஒருவர் அப்போது எச்1பியில் ஆறாவது வருஷம். "மாறிடுங்க சார், மாசக்கணக்குல முடிஞ்சிரும்"னு எல்லாரும் சொன்னாங்களாம்.

பழைய முன்னுரிமைத் தேதியை எடுத்துப் போகலாம்தான். ஆனால் முதலாளி, பதவி, ஊர், தகுதி, வேலை விவரம் எல்லாம் அச்சு அசலாக அதேயாக இருக்கணும். நாலு வருஷத்தில் எந்த சாஃப்ட்வேர் வேலை அப்படியே இருக்கு? விதியின் விஷமம் இன்னொரு வரியில்: பழைய தேதியைக் கேட்டாலே பழைய மனு வாபஸ் ஆனதாகக் கணக்கு, கேட்டது கிடைக்காவிட்டாலும். ரோல்பேக் இல்லாத மைக்ரேஷன். அந்த மனுவை நம்பித்தான் ஏழாவது வருஷ விசா நீட்டிப்பும்.

அவர் மாறவில்லை. பிறகு டல்லாஸிலிருந்து கம்பெனிக்குக் கடிதம்: மனுவைத் தொடர்கிறீர்களா, 45 நாளுக்குள் பதில் வேண்டும். கம்பெனி அதற்குள் வேறு கட்டடத்துக்குப் போயிருந்தது. கடிதம் கைக்கு வந்தது 38வது நாள் என்கிறார்.