வண்டி எங்கே வருகிறது?

பயணம் செய்வோர் யாவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'வண்டி எங்கே வருகிறது?' என்பதே அது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி ரயில் நிலையத்தில் இக்கேள்வி ஓயாது ஒலிக்கும். குற்றாலத்திற்கு ரயில் இல்லை. தென்காசியில் இறங்கிப் பேருந்தில் செல்லுதல் வேண்டும். ஆதலின், வண்டியின் நேரம் அறிவது இங்கு அனைவர்க்கும் தேவையாகிறது. இன்று பலர் விடை தேடிக் கைபேசியை நோக்குகின்றனர். அவ்விடை பயணியின் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை, மாணவர்களே, சிறிது காண்போம்.

1839ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஜார்ஜ் பிராட்ஷா என்பவர் ரயில் நேரங்களைத் தொகுத்து நூலாக அச்சிட்டார். வண்டி எப்பொழுது வரவேண்டும் என்பதைப் பயணி தானே படித்தறிய அந்நூல் வழிசெய்தது. நம் பகுதியில் 1903ஆம் ஆண்டு திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை ரயில் ஓடலாயிற்று. மறு ஆண்டில் அப்பாதை மலையைக் கடந்து கொல்லத்தை எட்டியது.

ரயில் நேரம் எந்த ஊர்க் கடிகாரத்தின்படி அமைந்தது? அக்காலத்தில் இந்திய ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. சென்னை கிழக்கே இருப்பதால், தென்காசியில் சூரியன் உச்சிக்கு வருமுன்பே சென்னைக் கடிகாரம் ஏறத்தாழ 12 நிமிடம் முந்தியிருக்கும். வெயிலைப் பார்த்துப் பொழுதை அளந்த உழவர் வண்டியைத் தவறவிடுதல் எளிது. 1906ஆம் ஆண்டு முதல் நாளில் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. நேரத்தை அறிவித்தால் மட்டும் போதாது. அது எக்கடிகாரத்தின் நேரம் என்பதையும் சொல்லுதல் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

அட்டவணை, வண்டி எப்பொழுது வரவேண்டும் என்பதைக் கூறும். எங்கே வருகிறது என்பதைக் கூறாது. அதனை அறிந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். அடுத்த நிலையத்தின் இசைவு பெற்ற பின்னரே வண்டி புறப்படும். ஆதலின், வண்டி எவ்விரு நிலையங்களுக்கு இடையில் உள்ளது என்பது அவருக்கு ஐயமின்றித் தெரியும். அவர் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் தாமதம் எழுதப்படும். 1927ஆம் ஆண்டு விருதுநகர்ப் பாதையும் வந்து சேர, தென்காசி சந்திப்பு நிலையமாயிற்று. பலகையின் தேவையும் பெருகிற்று.

இன்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அமைந்த ஏற்பாட்டினால், பல எஞ்சின்கள் 30 விநாடிக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தைத் தெரிவிக்கின்றன. பெங்களூரில் உருவாகி 2018ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த 'வேர் இஸ் மை டிரெயின்' என்னும் செயலி, வண்டியில் இருப்பவரின் கைபேசி அருகிலுள்ள கோபுரங்களை உணர்வதைக் கொண்டு, இணையம் இன்றியும் இடத்தைக் கணிக்கும். தமிழிலும் அது பேசும். சென்னையில் 2025ஆம் ஆண்டு வெளிவந்த 'சென்னை ஒன்று' செயலி பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒன்றாக இணைத்தது.

எனினும் குறை இல்லாமல் இல்லை. அண்மையில் தென்காசி நிலையத்தில் மதுரை மருத்துவமனைக்குச் செல்லவிருந்த முதியவர் ஒருவரைக் கண்டேன். உடன் வந்த மகன் கைபேசியைப் பார்த்து, "வண்டி இன்னும் மலையில்தான் நிற்கிறது, அப்பா. காப்பி குடித்துவிட்டு வரலாம்" என்று வெளியே அழைத்துச் சென்றான். மலைச் சுரங்கங்களிடையே தொடர்பு அறுந்தமையால், திரையில் இருந்தது பழைய செய்தி. நிலைய ஒலிபெருக்கியின் குரல் கேட்டு இருவரும் ஓடிவந்தனர். முதியவர் மூச்சுத் திணறி ஏறியதைக் கண்டு என் நெஞ்சம் பதறியது. எந்தச் செயலி என்பது இங்கு வேண்டுவதன்று. அச்செய்தி எத்தனை மணிக்குக் கிடைத்தது என்பதைத் திரை தெளிவாகக் காட்டியிருப்பின், அவர் ஓட நேர்ந்திராது.

வரலாறு படிப்போர் எந்தச் சான்றைக் கண்டாலும், 'இதனைக் கூறியவர் யார்? எப்பொழுது கூறினார்?' என்று வினவுவர். கைபேசியிடமும் அவ்வாறே வினவுதல் வேண்டும். கண்டறிந்த செய்தி எது, அட்டவணையைக் கொண்டு கணித்தது எது என்பதைப் பிரித்துக் காட்டும் செயலியே நற்செயலி. கைபேசி இல்லாதார்க்கும் எழுத்தறியாதார்க்கும் பலகையும் ஒலிபெருக்கியும் என்றும் வேண்டும்.

உங்களுள் சிலர் நாளை இத்தகைய செயலிகளை ஆக்குவீர்கள். அதுவரை, நிலையத்தில் உங்கள் அருகே நிற்கும் பாட்டி, "தம்பி, வண்டி எங்கே வருது?" என்று கேட்டால், இடத்தை மட்டும் கூறாதீர்கள். அச்செய்தி எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் சேர்த்துக் கூறுங்கள்.