கணினியும் கட்டட மாதிரியும்: சிறுகூற்று முறை வரலாற்றில் ஒரு நோக்கு

கட்டடமொன்று எழும்புமுன்னரே அதன் வலிமையை அளந்தறிதல் வேண்டும் என்னும் அவா மிகப் பழமையானது. பாலத்தைக் கட்டி முடித்தபின் அது நிற்குமோ வீழுமோ என்று பார்த்திருத்தல், பேரிழப்பை விலையாகக் கொடுத்துச் சிற்றறிவைப் பெறுதலை ஒக்கும். ஆதலின், மெய்க்கட்டடத்திற்கு முன்னோடியாக எண்களாலாய கட்டடமொன்றை அமைத்து, அதன்மேற் பாரத்தை ஏற்றிப் பார்க்கும் வழியை அறிஞர் நாடினர். அவ்வழிகளுள் இருபதாம் நூற்றாண்டிலே தலைசிறந்து விளங்கியது, ஆங்கிலத்தில் பைனைற் எலிமன்ற் என வழங்குவது. அதனை யாம் ஈண்டுச் சிறுகூற்று முறை என்போம். அம்முறை தோன்றிய வரலாற்றையும், மாதிரியை அமைப்பதில் நேர்ந்த வழுக்கள் விளைத்த கேட்டையும், அவ்வழுக்களைக் கண்டு களையும் நெறியையும் இக்கட்டுரையில் முறையே ஆராய்வாம்.

நீண்ட கோலொன்றின் வளைவைச் சூத்திரத்தாற் கணித்தல் எளிது. வளைந்த ஓடு, துளையுள்ள தகடு, பல சுவர்கள் கூடும் மூலை ஆகியவற்றிற்கோ அத்தகைய சூத்திரம் கிடைப்பதரிது. எனவே பொருளைப் பல சிறு கூறுகளாகப் பகுத்து, அக்கூறுகள் கணுக்களில் ஒன்றோடொன்று பொருந்துவனவாகக் கொண்டு, ஒவ்வொரு கூற்றின் விறைப்பையும் தனித்தனி கணித்துக் கூட்டுவர். கணுக்களின் இடப்பெயர்ச்சிகளே அறியாக் கணியங்கள். ஆயிரக்கணக்கான ஒருங்கமை சமன்பாடுகள் இவ்வாறு பிறக்கும். அவற்றைத் தீர்த்தல் கணினியின் தொழில். அவற்றிற்கு மூலமான மாதிரியை அமைத்தல் மனிதன் தொழில். இவ்விரு தொழில்களின் வேறுபாட்டை மறவாதிருத்தலே இம்முறையைக் கையாள்வோர்க்கு முதற் பாடமாம்.

1941 இல் ஹிறெனிக்கொவ் என்பார், தகட்டைக் கோல்களாலாய சட்டகமாகப் பாவித்து ஆராயும் முறையை வெளியிட்டார். 1943 இல் கணித அறிஞர் கூறான்ற், பரப்பை முக்கோணங்களாகப் பகுத்து முறுக்கற் பிரச்சினையைத் தீர்க்கும் வழி காட்டினார். வேகமான கணினிகள் இல்லாத அக்காலத்தில் இவை பெரிதும் பயன்படவில்லை. போருக்குப் பின்னர், பின்சாய்ந்த மெல்லிய இறக்கைகளையுடைய விமானங்கள் தோன்றவே, பழைய கணிப்பு முறைகள் போதாவாயின. ஐரோப்பாவில் ஆர்கிறிஸ் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் ஆற்றல் தேற்றங்கள் பற்றிய கட்டுரைகளை எழுதினார். அமெரிக்காவிலே போயிங் நிறுவன ஆய்வின் பயனாக ரேணர், கிளவ், மாட்டின், ரொப் ஆகிய நால்வரும் 1956 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிக்கல்லாயிற்று. 1960 இல் கிளவ் இம்முறைக்குப் பெயர் சூட்டினார். சியென்கிவிச், செயுங் என்போருடைய நூல் 1967 இல் வெளிவந்தது. நாசா நிறுவனம் ஆக்குவித்த நாஸ்திரான் என்னும் கணினி நிரல் 1960களின் இறுதியிலே பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் சிலரே அறிந்திருந்த கலை பலருக்கும் உரிய கருவியாயிற்று.

கருவி பரவவே வழுக்களும் பரவின. அவ்வழுக்கள் இருவகைப்படும். முதல்வகை, கணினி தானே மறுத்துரைப்பது. வெளியிலுள்ள ஒரு பொருள் மூன்று திசைகளில் நகரவும் மூன்று அச்சுக்களைச் சுற்றிச் சுழலவும் வல்லது. இவ்வாறு அசைவுகளையுந் தடுக்கும் தாங்கிகளை மாதிரியில் அமைக்காவிடின், பொருள் முழுமையாக வழுகியோடும், சமன்பாடுகள் தீரா, நிரல் இடையிலே நின்றுவிடும். இவ்வழு தொல்லை தருமேயன்றித் தீங்கு பயவாது. இரண்டாம் வகையே அஞ்சத்தக்கது. அங்கே கணினி தடையின்றி விடை பகரும், விடையோ பொய்யாயிருக்கும். ஒரேயிடத்தில் உள்ள இரு கணுக்கள் இணைக்கப்படாதிருப்பின், கண்ணுக்குத் தோன்றாத பிளவு மாதிரியிலே கிடக்கும். மில்லிமீற்றரை நீள அலகாகவும் நியூற்றனை விசை அலகாகவும் கொண்ட மாதிரியில், உருக்கின் அடர்த்தி கன மில்லிமீற்றருக்கு இத்தனை தொன் என்று கொடுக்கப்படல் வேண்டும். அவ்விடத்தில் கன மீற்றருக்குரிய 7850 கிலோகிராம் என்னும் எண்ணை அப்படியே இட்டால், நிறை பன்மடங்கு பெருகிவிடும். இரு முனைகளிலும் வெறுமனே தாங்கப்பட்ட வளையை முனைகள் இறுகப் பிணைக்கப்பட்டதாக வரைந்தால், நடுவிலேற்றிய பாரத்தால் உண்டாகும் தாழ்வு நான்கிலொரு பங்காகக் குறைந்து தோன்றும். இவை யாவற்றிலும் கணக்குப் பிழைக்கவில்லை. கேட்ட வினாவே பிழைத்தது.

இத்தகைய வழு மெய்யுலகிலே விளைத்த கேட்டுக்கு இரு சான்றுகள் காட்டுவாம். முதலாவது, அமெரிக்காவின் ஹாட்போட் நகரிலிருந்த பெருமண்டபத்தின் கூரை. 300 அடி அகலமும் 360 அடி நீளமும் கொண்ட அவ்வுருக்குச் சட்டகம் கணினியின் துணையாலே கணிக்கப்பட்டது. அழுத்தந் தாங்கும் மேற்கோல்கள் தம் நடுவிலே பக்கவாட்டில் நன்கு பிடிக்கப்பட்டுள்ளன என்று கணிப்பிற் கொள்ளப்பட்டது. கட்டப்பட்ட இணைப்புக்களோ, சிறப்பாக ஓரங்களில், அவ்வாறு பிடிக்கும் வலியற்றன. கூரையை அமைக்கும்போதே அதன் தாழ்வு கணித்ததிலும் ஏறக்குறைய இரு மடங்காயிருந்தது. அளவு மாதிரியை மறுத்துரைத்தது, அம்மறுப்பு ஏற்கப்படவில்லை. 1978 சனவரி 18 ஆம் நாள் விடியற்காலையில், உறைபனி பெய்து கனத்திருந்த வேளையில், அக்கூரை முழுவதும் இடிந்து வீழ்ந்தது. சில மணி நேரத்திற்கு முன்னர் அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்தாட்டங் கண்டுகளித்திருந்தனர். மண்டபம் வெறிதாயிருந்தமையால் மட்டுமே உயிர்கள் தப்பின.

இரண்டாவது சான்று நோர்வே நாட்டுக்குரியது. ஒடின் என்னும் பழந்தெய்வம் ஊர்ந்ததாகக் கதை கூறும் எட்டுக்காற் குதிரையின் பெயராகிய ஸ்லைப்னர், வடகடலின் எரிவாயு வயலொன்றுக்கு இடப்பட்டது. அங்கே 82 மீற்றர் ஆழத்தில் நிறுத்துதற்கென 24 அறைகளைக்கொண்ட கொங்கிறீற்று அடித்தளம் ஆக்கப்பட்டது. வட்டச் சுவருடைய அறைகள் மூன்று கூடுமிடத்தில் முக்கோண இடைவெளி உண்டாகும். அதனுட் கடல்நீர் புகுந்து சுவர்களை அழுத்தும். அம்மூலையில் மாதிரியின் வலை பரும்படியாகவும், கூறுகள் கோணலாகவும் அமைந்துவிட்டன. அதனாற் சுவர்முனையின் வெட்டுவிசை, அதாவது சுவரைக் குறுக்கே அறுக்க முயலும் விசை, 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டது. அம்மதிப்பை நம்பி இட்ட உருக்குக் கம்பிகளும் நீளம் போதாதனவாயின. 1991 ஆகத்து 23 ஆம் நாள், ஸ்தவாங்கர் நகரை அடுத்த நுழைகுடாவில் அடித்தளத்தை நீரில் தாழ்த்திச் சோதிக்கையில், சுவர் பிளந்து நீர் உட்புகுந்தது. முழு அமைப்பும் மூழ்கிக் கடலடியில் மோதி நொறுங்கியது. அதிர்ச்சி நிலநடுக்க மானியிலே 3 என்னும் அளவாகப் பதிந்தது. இழப்பு ஏறத்தாழ 700 மில்லியன் டொலர் என்பர். பின்னர் செம்மையான வலையமைத்து ஆராய்ந்தபோது, சுவர் 62 மீற்றர் ஆழத்திற் பிளக்கும் என்று அதே சிறுகூற்று முறை விடை தந்தது. மெய்யாகப் பிளந்ததோ 65 மீற்றரில். முறை குற்றமற்றது என்பதற்கும் மாதிரியே குற்றமுடைத்து என்பதற்கும் இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வரலாற்றினின்று பிறந்த சோதனை நெறி எளிதே. பாரங்களின் கூட்டுத்தொகையும் தாங்கிகளின் மறுதாக்கங்களின் கூட்டுத்தொகையும் சமமாதல் வேண்டும். தன்னிறையை மட்டும் ஏற்றி அந்நிறையைக் கைக்கணக்கோடு ஒப்பிடின், அலகுப் பிழை உடனே வெளிப்படும். தாங்கிகளை நீக்கி அதிர்வெண்களைக் கணித்தால் ஆறு மட்டுமே பூச்சியமாதல் வேண்டும். அதனின் மிகின் எங்கோ இணைப்பு அற்றுள்ளது. தகைப்பு மிகும் இடங்களில் வலையை இருமடங்கு நுணுக்கி மீளக் கணித்து, விடை மாறாதாயின் அதனை ஏற்கலாம்; மாறின் இன்னும் நுணுக்கல் வேண்டும். சீரான தகைப்பைக் கூறுகளின் திரளொன்று பிழையின்றிக் காட்டுகின்றதா என்று பார்க்கும் ஒட்டுச் சோதனையை அயன்ஸ் என்பார் 1965 இல் எடுத்துரைத்தார். ஒவ்வொரு சோதனையிலும் விடை முன்னரே தெரிந்த வினாவொன்றைக் கணினியிடம் கேட்கின்றோம் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இன்று திரையிலே வண்ணந் தீட்டிய படமாக விடைகள் தோன்றுகின்றன. வண்ணம் வழுவை மறைக்குமேயன்றி நீக்காது. ஹாட்போட்டிலே கூரையின் தாழ்வு தானே எச்சரித்தது. ஸ்லைப்னரிலே ஒரு மூலையின் வலையை நுணுக்கியிருப்பின் உண்மை புலனாகியிருக்கும். கணினி வினாவுக்கு விடை கூறும். வினா தக்கதோ என்று ஆராய்வது அதன் முன் அமர்ந்தவன் கடமை. சிறு தாளிற் கைக்கணக்காக எழுதும் நான்கு வரிகளே அக்கடமையின் தொடக்கமாம்.